தொட்டி மீன்களும் ஒரு பழைய கட்டுரையும்

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று அழைப்பது நம்மவர் வழக்கம். அந்நாட்டின் வடபகுதியிலே, ஓட்டமாவடியில், களப்பு மீனையும் இறாலையும் உண்டு வளர்ந்தவன் நான். மீனைப் பிடிக்கவும் கழுவவும் ஆணம் வைக்கவும் எங்களூரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் மீன் வளர்ப்பது வேறு வித்தை என்பதை எழுபது வயதுக்குப் பின்னரே அறிந்துகொண்டேன். 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில், ஆறு வாரங்களுக்குள், என் வீட்டு முன்கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியில் பதினேழு மீன்களில் பதினான்கை நான் கொன்றேன்.

'இறந்தன' என்று எழுதியிருக்கலாம். பத்திரிகைக்காரனுக்கு அது கைவந்த சொல். செய்தவன் யார் என்பதை அச்சொல் காட்டிக்கொடுக்காது. ஆனால் இந்தப் பதிவை எழுதுவதே அந்தச் சொல்லைக் கைவிடுவதற்காகத்தான்.

கொழும்புக்குப் போயிருந்தபோது தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் மீன்களைப் பார்த்துவிட்டு வந்த பேரன், 'எனக்கும் ஒரு தொட்டி வேணும் மூத்தவாப்பா' என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. ஓய்வுபெற்றவனுக்குப் பேரனின் கட்டளையை மீறும் அதிகாரம் ஏது? இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியொன்றை வாங்கினேன். வாய்விளிம்புக்குச் சற்றுக் கீழே நிரப்பினால் ஏறத்தாழ ஐம்பது லீற்றர் நீர் கொள்ளும். காற்றூதும் சிறு மோட்டார், கடற்பஞ்சு போன்ற வடிகட்டி, நிறக்கற்கள், பிளாஸ்டிக் பாசி எல்லாம் அன்றே வந்தன. மீன்களும் அன்றே வந்தன.

மீன்களைப் பேரன் தெரிவுசெய்தான். அவன் நிறம் பார்த்தான், நான் விலை பார்த்தேன். தங்கமீன் நான்கு, கப்பி ஆறு, கறுப்புக் கோடிட்ட புலிக்கெண்டை நான்கு, நீண்ட செட்டைகளோடு மணப்பெண்போல் அசைந்துவரும் ஏஞ்சல் இரண்டு, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் உறிஞ்சுவாய்க் கெளிறு ஒன்று. 'எல்லாம் ஒண்டா இருக்குமா?' என்று கடைக்காரரிடம் கேட்டேன். 'இஞ்ச ஒண்டாத்தானே இருக்கு ஹாஜியார்' என்றார் அவர். கடையில் ஒரு நாள் ஒன்றாக இருப்பதும் வீட்டில் ஓராண்டு ஒன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் தங்கமீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து மேலும் உணவு போட்டேன். மறுநாள் இரண்டு மிதந்தன. அடுத்த வாரத்தில் கப்பிகளின் விசிறிவால்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. ஏஞ்சல்களின் நூல்போன்ற செட்டைகள் அரைகுறையாகின. ஓரிரவு விளக்கை அணைக்காமல் காத்திருந்து பார்த்தேன். புலிக்கெண்டைகள் வரிசையாகப் போய்க் கடித்துவிட்டு வந்தன. குற்றவாளி பிடிபட்டுவிட்டான் என்ற மகிழ்ச்சி எனக்கு. நாலையும் வலைக்கரண்டியால் அள்ளி ஒரு வாளியில் போட்டு, 'மறியல்' என்று பேரனிடம் சொன்னேன். அதற்குள் கப்பி மூன்றும் ஏஞ்சல் ஒன்றும் போய்விட்டிருந்தன.

மறியல் வழங்கியபின் அமைதி வரவேண்டுமல்லவா? வரவில்லை. மூன்றாம் வாரம் எஞ்சிய மீன்களின் உடலிலும் செட்டையிலும் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றின. மீன்கள் செட்டையை உடலோடு ஒடுக்கிக்கொண்டு, கற்களில் விலாவைத் தேய்த்தன. வாளியில் கிடந்த நான்குக்கும் அதே புள்ளிகள். கடையில் நீலநிற மருந்தொன்று தந்தார்கள். ஊற்றினேன். இரண்டு நாளில் குணம் தெரியாததால், தொட்டி முழுவதையும் காலிசெய்து, கற்களையும் வடிகட்டியையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, புதிய கிணற்றுநீர் நிரப்பினேன். எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா? அந்தச் சுத்தத்தில் அவை இன்னும் விரைவாகச் செத்தன.

அது மார்ச் மாதம். நாடு எப்படி இருந்தது என்பதை வெளிநாட்டில் வாழும் வாசகர்களும் மறந்திருக்கமாட்டீர்கள். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. காற்றூதும் மோட்டார் நின்றதும் பேரன் கோப்பையால் நீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றுவான். இருட்டில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். 'படுங்க மகன்' என்றால், 'படுத்தா செத்திரும் மூத்தவாப்பா' என்பான். ஏப்ரல் பிறந்தபோது கப்பி இரண்டும் உறிஞ்சுவாய்க் கெளிறும் மட்டுமே மிஞ்சின.

பாலத்துக்கு அப்பால், வாழைச்சேனையில், என் நெடுநாள் நண்பர் ஒருவர் இருக்கிறார். தமிழர், உயர்தர வகுப்புக்கு விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் அழைக்கும். பெற்றோல் இல்லாத காலமாகையால் சைக்கிளில் வந்தார். தொட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

'தம்பி, எந்த மீன் எந்த மீனைக் கடிச்சது எண்டு பிறகு பாப்பம். முதல்ல தண்ணியைப் பற்றிச் சொல்லுங்க' என்றார்.

அன்று மாலை அவர் எனக்கும் பேரனுக்கும் நடத்திய பாடத்தை என்னால் இயன்றவரை இங்கே தருகிறேன். மீன் வளர்க்கும் வாசகர் யாருக்கேனும் பயன்படக்கூடும்.

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. அமோனியாவை நைத்திரைற்றாக ஒருவகைப் பற்றீரியா மாற்றும், அதுவும் நஞ்சே. அதனை இன்னொரு வகை நைத்திரேற்றாக மாற்றும்; அது அவ்வளவு தீங்கற்றது. இந்தப் பற்றீரியாக்கள் கடையில் மீனோடு பொட்டலத்தில் வருவதில்லை. வடிகட்டியிலும் கற்களிலும் அவை குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். நானோ முதல் நாளிலேயே பதினேழு மீன்களை இட்டேன். தங்கமீன்கள் மேலே வந்து வாய்பிளந்தது பசியால் அல்ல, செவுள் எரிந்ததால். நான் போட்ட உணவு மேலும் அமோனியாவாயிற்று. பிற்பாடு வடிகட்டியைத் தேய்த்து வெயிலில் காயவைத்தபோது, அப்போதுதான் குடியேறத் தொடங்கிய பற்றீரியாக்களையும் அழித்தேன். குழாய்நீர் பயன்படுத்தும் ஊர்களில் அந்நீரிலுள்ள குளோரினும் இதே வேலையைச் செய்யும். வடிகட்டியைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும். நீரை முழுதாக மாற்றாமல் கால்பங்கு, அரைப்பங்காக மாற்றவேண்டும். மின்வெட்டிலும் இந்தக் கதைதான்: நீரோட்டம் நின்றால் மீனுக்கு மட்டுமல்ல, வடிகட்டியில் வாழும் உயிர்களுக்கும் மூச்சு முட்டும்.

அடுத்தது நோய். வெண்புள்ளி நோயைத் தருவது ஒரே உயிரணுவாலான ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் புதைந்து தின்று கொழுத்து, பிறகு உதிர்ந்து அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அக்குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடிக்காவிட்டால் இறந்துவிடும். தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதை எட்டாது. நீந்தித் திரியும் குஞ்சுப்பருவத்தில்தான் எட்டும். ஆகவே ஒரு நாள் ஊற்றி இரண்டு நாள் பார்த்துவிட்டு நிறுத்துவது மருத்துவமல்ல. புள்ளிகள் மறைந்த பின்னரும் சில நாள் தொடரவேண்டும். புதிய மீனை இரண்டு மூன்று வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பார்த்தபின் சேர்த்திருந்தால் இந்த நோய் என் வீட்டுக்குள் நுழையாமலே தடுத்திருக்கலாம்.

மூன்றாவதாகத்தான் அவர் மீன்களின் பொருத்தத்துக்கு வந்தார். கப்பியின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் வடகிழக்கும் திரினிடாத்தும். சற்றுக் கடினமான நீர் அதற்கு உவப்பு. எங்கள் கிணற்றின் இலேசான உவர்கூட அதைப் பாதிக்காது. ஏஞ்சல் அமேசனின் மென்மையான நீரிலிருந்து வந்தது. அமைதியானது என்று பெயர், ஆனால் வளர்ந்தபின் வாய்க்குள் அடங்கும் மீனை விழுங்கும். தங்கமீன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் கெண்டையினத்திலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது; குளிர்ந்த நீரை விரும்புவது, நிறையக் கழிப்பது. 20 பாகை நீரில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் கரையும். 30 பாகையில் ஏழரைதான். நம்மூர்ப் பங்குனி வெயிலில் அதன் பாடு எப்படியிருக்கும்! புலிக்கெண்டை தென்கிழக்காசிய ஓடைகளில் பெருங்கூட்டமாக வாழ்வது. கூட்டத்துக்குள் ஒன்றையொன்று துரத்தி விளையாடித் தன் தரத்தை நிலைநாட்டிக்கொள்ளும். ஆறுக்கும் குறைவாக, இடமில்லாத தொட்டியில் போட்டால் அந்தத் துரத்தல் அயலவரின் வாலில் இறங்குகிறது. 'நாலு வாங்கினா நாலும் ரவுடி; பத்து வாங்கி, பெரிய தொட்டியில விட்டா தங்களுக்குள்ளயே பாத்துக்கொள்ளுங்கள்' என்றார் மாஸ்டர். இந்த மீன்களெல்லாம் ஒன்றையொன்று வாழ்நாளில் முதன்முதலாகச் சந்தித்தது அந்தக் கடையில்தான்.

'அப்ப புலிக்கெண்டை குற்றவாளி இல்லையா சேர்?' என்று பேரன் கேட்டான். நான் மறியலில் போட்டு அங்கேயே சாகவிட்ட நான்கையும் அவன் மறக்கவில்லை.

'கடிச்சது அதுதான் மகன். ஆனா அது ஓடிப்போக இடமில்லாத ஒருவரைத்தான் கடிச்சது. கடிபட்டவரும் ஓடிப்போக இடமில்லாம நிண்டார். ரெண்டு பேரையும் அதுக்குள்ள போட்டது அவங்க இல்ல' என்றார்.

அதன்பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. 'தம்பி, நீங்க முந்தி ஒரு கட்டுரை எழுதினீங்க. தொட்டி மீன் கட்டுரை. ஞாபகம் இருக்கா?'

வாசகர்களே, எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருக்கும் என்றுதான் நான் எதிர்பார்க்கவில்லை.

1990ஆம் ஆண்டை எங்கள் மாவட்டத்தில் எவரும் மறக்கமுடியாது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில், பின் ஏறாவூரில், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில். ஒரு பக்கத்தில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், மறுபக்கத்தில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். பிணங்களை எண்ணி எண்ணிச் செய்தி அனுப்பிய கை என்னுடையது. அடுத்த ஆண்டு, மனம் கசந்திருந்த ஒரு நாளில், பத்திரிகையின் ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை எழுதினேன். ஒரே தொட்டியில் சேர்ந்து வாழமுடியாத மீன்கள் உண்டு, அவற்றைப் பிரித்துவைப்பதே இரக்கம் என்று உவமை சொல்லி, இரு சமூகங்களையும் பற்றி முடித்திருந்தேன். அன்று என்னிடம் மீன்தொட்டி இல்லை. மீன் வளர்ப்பைப் பற்றி ஒரு வரியும் தெரியாது. ஆனால் உவமை நன்றாக இருந்தது. பலர் பாராட்டினார்கள். கட்டுரையை வெட்டிப் பத்திரப்படுத்தியும் வைத்தேன்.

'அப்ப வாசிச்சு நான் கவலைப்பட்டேன். சொல்லல்ல. சொல்லுற காலமும் இல்ல அது' என்றார் மாஸ்டர். 'இப்ப உங்கட வீட்டுத் தொட்டியைக் கண்டதும் நினைவு வந்திட்டுது. மீன் வேற வேற இனம் தம்பி. ஒண்டு அமேசன், ஒண்டு சுமாத்திரா. நாம அப்பிடியா? ஒரே களப்பு மீனைத் திண்டு ஒரே பாசை பேசுற மனிசர். அது ஒரு பிழை. மற்றப் பிழை பெரிசு. தொட்டிக்குள்ள போட்டது யார், தண்ணியைக் கெடுத்தது யார் எண்டு அந்தக் கட்டுரையில ஒரு வரி இல்ல.'

நான் ஒன்றும் பேசவில்லை. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளையும் புதிதாக வந்த நிருபர்களுக்கு எத்தனையோ முறை கற்பித்தவன் நான். அந்தக் கட்டுரையிலும் சரி, என் தொட்டியிலும் சரி, 'யார்' என்ற கேள்விக்குக் கைக்கெட்டிய விடையொன்று கிடைத்ததும் 'ஏன்' என்பதைக் கேட்காமலே விட்டிருக்கிறேன்.

தேநீர் வந்தது. மாஸ்டர் இன்னொரு சங்கதி சொன்னார். அதை இங்கே பதிவுசெய்யாமல் விட மனமில்லை. நம் களப்புகளில் வாழும் மீனொன்றைச் சிங்களத்தில் கொரளியா என்பார்கள். கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடி, 2010இல் மாநில மீனாகவே அறிவித்தார்கள். அதற்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய உறவு உண்டு. உவர்நீரில் இரண்டும் அயலவர். இந்தச் சிறிய மீன் பெரியதின் முட்டையையும் குஞ்சையும் சமயம் வாய்த்தால் தின்றுவிடும். ஆனால் அதே சிறிய மீன், பெரிய மீனின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்று அதைச் சுத்தமும் செய்கிறது. வைமன், வார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1972இல் இந்தத் துப்புரவு உறவைப் பற்றி எழுதினார்கள். 1977இல் இலங்கையில் இவ்வினங்களின் வாழ்க்கையைப் பற்றியும் எழுதினார்கள். பகையும் மருத்துவமும் ஒரே அயலவரிடமிருந்து! களப்பில் அது நடக்கிறது. ஏனெனில் அங்கே முட்டையைக் காக்க இடமுண்டு, விலகிப்போக வழியுண்டு, கழிவைக் கொண்டுபோக வற்றுப்பெருக்குண்டு. இதே இரண்டையும் என் இரண்டடித் தொட்டிக்குள் இட்டிருந்தால் ஒரு வாரத்தில் 'சேர்ந்து வாழமுடியாதவை' என்று தீர்ப்பெழுதியிருப்பேன்.

இதைக் கேட்டதும் பேரனுக்கு ஒரு யோசனை உதித்தது. 'அப்ப இந்த மூண்டையும் பாலத்தடியில ஆத்துல விடுவம் மூத்தவாப்பா. பாவம்' என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என் பாவத்துக்கு அது ஒரு பரிகாரமாகவும் தோன்றிற்று.

மாஸ்டர் கையை நீட்டித் தடுத்தார். இரக்கத்தில் செய்யும் இந்தக் காரியம்தான் இலங்கையின் நன்னீருக்குப் பெருங்கேடாக முடிந்திருக்கிறது என்றார். கடைகளில் விரல் நீளத்தில் விற்கப்படும் அந்த உறிஞ்சுவாய்க் கெளிறு முழங்கை நீளத்துக்கு வளரும், எலும்புத்தகடு போர்த்தது, நம் நீர்நிலைகள் சிலவற்றில் பெருகி, வலையில் சிக்கி, வலையையும் கிழிக்கிறது. அழகுக்கென்று கொண்டுவரப்பட்ட கத்திமீனும் தொட்டிகளிலிருந்து வெளியேறி மேற்குக்கரைச் சதுப்புகளில் உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று பரவியிருக்கிறது. நோயுற்ற தொட்டியிலிருந்து விடப்படும் மீன் தன் ஒட்டுண்ணியையும் கூடவே கொண்டுபோகும். 'உங்கட பிழையைக் களப்பின்ர தலையில கட்டாதீங்க தம்பி' என்றார்.

ஆகவே மூன்றும் வீட்டிலேயே இருந்தன. உறிஞ்சுவாய்க் கெளிறைப் பெரிய சீமெந்துத் தொட்டி வைத்திருந்த ஒருவரிடம் பின்னர் ஒப்படைத்தோம். எஞ்சிய இரண்டு கப்பிகளும் ஆணும் பெண்ணுமாக இருந்தது இறைவன் செயல். மாஸ்டர் சொன்னபடி உணவைக் குறைத்தோம். வாரமொருமுறை கால்பங்கு நீரை மாற்றினோம். மருந்தை முறைப்படி ஊற்றி முடித்தோம். இரண்டு மாதத்தில் குஞ்சுகள் தோன்றின. கப்பி குட்டியிடும் இனம். இன்று அந்தத் தொட்டியில் கப்பியைத் தவிர வேறெதுவும் இல்லை. பார்க்க வருபவர்கள், 'ஒரே இனம்தானா, கலர் கலரா வாங்கிப் போடலாமே' என்பார்கள். 'இது சின்னத் தொட்டி' என்று பேரன் பதில் சொல்வான். அவன் இப்போது உயரமாக வளர்ந்துவிட்டான். புதிதாக ஏதேனும் வாங்கினால் மூன்று வாரம் தனிச்சாடியில் வைத்துப் பார்த்த பின்னரே உள்ளே விடுகிறான்.

லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் 1853இல் முதலாவது பொது மீன்காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1850இல், றொபேட் வொறிங்டன் என்ற இரசாயனவியலாளர் இரண்டு தங்கமீன், ஒரு நீர்ச்செடி, சில நத்தைகள் ஆகியவற்றை ஒரு பாத்திரத்தில் சேர்த்து, அழுகும் இலைகளை நத்தைகள் தின்று நீரைத் தெளிவாக வைத்திருப்பதைக் காட்டியிருந்தார். யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதை அவர் நிறம் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. யாருடைய கழிவை யார் தாங்குவார் என்று பார்த்தார். அந்த அறிவு தோன்றி நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் நான் பதினான்கு மீன்களைக் கொன்றே அதைக் கற்கவேண்டியிருந்தது.

அந்தப் பழைய கட்டுரையைத் தேடி எடுத்தேன். பழுப்பேறிய துண்டு. மடிப்பில் கிழிந்திருந்தது. எரித்துவிடலாமா என்று யோசித்தேன். எழுதியதை எரிப்பது பத்திரிகைக்காரனுக்கு அழகல்ல. திருத்தம் போடுவதே மரபு. அக்கட்டுரை வந்த பக்கத்தில் இனித் திருத்தம் போட வழியில்லை. ஆகவே முப்பது ஆண்டு தாமதமாக இங்கே போடுகிறேன்: அந்தக் கட்டுரையில் மீன்களைப் பற்றிச் சொன்னது அரைகுறை; மனிதரைப் பற்றிச் சொன்னது முழுவதும் பிழை. தவறுக்கு வருந்துகிறேன்.

மாஸ்டரிடம் இதை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, 'அந்த நாலு புலிக்கெண்டையையும் சேத்து எழுதுங்க' என்றார். சேர்த்துக்கொள்கிறேன்.